கதிர்வீச்சு அரக்கர்களை உருவாக்குவதில்லை

அணுகுண்டுப் போரில் உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதைகளுக்குக் கணினி விளையாட்டுகளில் பஞ்சமே இல்லை. அவற்றுள் பலராலும் பேசப்பட்ட ஒன்று 'மெட்ரோ 2033'. உக்ரேனின் தலைநகர் கீவில் தொடங்கப்பட்ட 4ஏ கேம்ஸ் நிறுவனம் உருவாக்கிய இந்த விளையாட்டு 2010ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்தது. ரஷ்ய எழுத்தாளர் டிமித்ரி குளுகோவ்ஸ்கி எழுதிய நாவல்தான் இதற்கு அடிப்படை. பிறகு 2013இலும் 2019இலும் இதன் அடுத்த பாகங்கள் வந்தன.

மாணவர்களே, முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது சிறுவர்களுக்கான விளையாட்டு அல்ல. அமெரிக்கத் தரப்படுத்தும் அமைப்பு இதை 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு உரியது என வகைப்படுத்தியுள்ளது. படிவம் ஒன்று, இரண்டு, மூன்று மாணவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால், மற்றவர்கள் விளையாடுவதை யூடியூபில் உங்களில் பலர் பார்த்துவிட்டீர்கள் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியாத இரகசியம் அல்ல. பார்த்ததைப் பற்றிப் பேசாமல் இருப்பதைவிட, அறிவியலோடு சேர்த்துப் பேசிவிடுவது நல்லது.

என் கருத்து இதுதான். இந்த விளையாட்டில் வரும் முகக்கவரி பாதி உண்மை. சுரங்கத்துக்குள் மக்கள் உண்ணும் உணவு, கணக்குப் போட்டுப் பார்த்தால் உதைக்கிறது. அரக்க விலங்குகளோ முழுப் பொய். அந்தக் கடைசிப் பொய் திரைக்குள்ளேயே நின்றுவிடுவதில்லை. திரைக்கு வெளியே உண்மையான மனிதர்களை அது காயப்படுத்தியிருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கதை என்ன?

2013இல் அணுவாயுதப் போர் மூள்கிறது. மாஸ்கோ நகரம் அழிகிறது. நிலத்தடி இரயில் நிலையங்களுக்குள் ஓடி ஒளிந்தவர்கள் மட்டுமே பிழைக்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின், 2033இல், ஒவ்வொரு நிலையமும் ஒரு சின்ன நாடாகிவிட்டது. அவற்றுக்கிடையே வணிகமும் உண்டு, போரும் உண்டு. போருக்கு முன் தயாரிக்கப்பட்ட நல்ல தோட்டாக்கள்தாம் பணம். அவற்றைச் சுடவும் செய்யலாம், கடையில் கொடுத்துப் பொருள் வாங்கவும் செய்யலாம். எதிரியைச் சுட்டால் பணம் கரையும். அற்புதமான யோசனை!

நாம் ஆர்த்தியோம் என்ற இளைஞனாக விளையாடுகிறோம். அவன் வாழும் விடிஎன்ஹா நிலையத்தை 'கருப்பர்கள்' என்று மக்கள் அஞ்சும் ஒருவகை உயிர்கள் நெருங்கி வருகின்றன. உதவி கேட்டு அவன் சுரங்கப் பாதைகளின் வழியே பயணம் புறப்படுகிறான். அவ்வப்போது மேலே, உறைபனி மூடிய மாஸ்கோவுக்கும் ஏற வேண்டியிருக்கிறது. மேலே போனால் முகக்கவரி அணிந்தே ஆக வேண்டும். கைவிளக்கின் மின்கலத்துக்குக் கையால் இயக்கும் கருவியைக் கொண்டு மின்னேற்ற வேண்டும். சில துப்பாக்கிகள் அழுத்தப்பட்ட காற்றால் இயங்குபவை. சுடச் சுட அழுத்தம் குறையும், மறுபடியும் கையால் காற்றடிக்க வேண்டும். எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை. ஆற்றல் எங்கிருந்தோ வந்தாக வேண்டும் என்ற பாடத்தை இவ்வளவு அழகாகச் சொல்லும் விளையாட்டு அரிது.

முகக்கவரி எதைத் தடுக்கும்?

விளையாட்டின் உயிர்நாடியே அந்த முகக்கவரிதான். அதில் பொருத்தும் வடிகட்டி சில நிமிடங்களே தாங்கும். நேரம் முடிய முடிய மூச்சு வாங்கும் சத்தம் பலமாகக் கேட்கும். கண்ணாடி அடிபட்டால் விரிசல் விழும். புதிய வடிகட்டி கிடைக்காவிட்டால் ஆர்த்தியோம் இறந்துவிடுவான்.

இதில் எது அறிவியல்? கதிரியக்கத் தூசியும் கதிர்வீச்சும் ஒன்றல்ல. தரையில் ஆயிரக்கணக்கான மிகச்சிறிய விளக்குகள் சிதறிக் கிடப்பதாகக் கற்பனை செய்யுங்கள். விளக்குகள்தாம் கதிரியக்கத் தூசி. அவற்றிலிருந்து வரும் வெளிச்சம்தான் கதிர்வீச்சு. முகக்கவரி அந்த விளக்குகள் உங்கள் நுரையீரலுக்குள் போவதைத் தடுக்கும். தரையில் கிடக்கும் விளக்குகளின் வெளிச்சம் உங்கள்மேல் படுவதை அது தடுக்காது.

புகைமூட்டம் வரும் மாதங்களில் நாம் அணியும் என்95 முகக்கவரியும் இப்படித்தான். 0.3 மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டை அது வடிகட்டும். துகளைத்தான் அது பிடிக்கிறது, கதிரை அல்ல.

ஆனாலும் துகளைப் பிடிப்பது சாதாரண வேலை இல்லை. ஆல்ஃபா கதிரை ஒரு தாள் தடுத்துவிடும், நம் தோலின் மேற்பரப்பே தடுத்துவிடும் என்று படித்திருப்பீர்கள். அதே ஆல்ஃபா கதிரை வெளியிடும் துகள் நுரையீரலுக்குள் போய் ஒட்டிக்கொண்டால் அங்கே தாளும் இல்லை, தடித்த தோலும் இல்லை. பக்கத்தில் இருக்கும் உயிரணுக்கள் நேரடியாக அடிவாங்கும். ஆகவே, 'மூச்சுக் காற்றைக் காப்பாற்று' என்று விளையாட்டு சொல்வது சரி. முகக்கவரி அணிந்தால் கதிர்வீச்சிலிருந்தே தப்பிவிடலாம் என்று நினைத்தால் அது தவறு.

காமா கதிருக்குத் தேவை கனமான தடுப்பு. அணுகுண்டின் கதிரியக்கத் தூசியிலிருந்து வரும் காமா கதிரின் வலிமையைப் பாதியாகக் குறைக்க, இறுக்கிய மண் சுமார் 9 சென்டிமீட்டர் போதும். இன்னொரு 9 சென்டிமீட்டர் சேர்த்தால் கால்வாசி. 90 சென்டிமீட்டர் மண்ணுக்குக் கீழே இருந்தால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். மாஸ்கோவின் பார்க் பொபேடி நிலையம் 80 மீட்டருக்கும் மேல் ஆழத்தில் இருக்கிறது. கதிர்வீச்சைத் தடுக்க அதில் சிறு பகுதியே போதும். மீதி ஆழம் குண்டுவெடிப்பின் தாக்கத்திலிருந்து காக்க உதவும்.

சுரங்க நிலையங்களில் தஞ்சம் புகுவது வெறும் கற்பனையும் அல்ல. இரண்டாம் உலகப் போரில் மாஸ்கோ மக்கள் விமானத் தாக்குதலுக்குப் பயந்து மெட்ரோ நிலையங்களில் தங்கினார்கள். நம் அண்டை நாடான சிங்கப்பூரில் சில எம்ஆர்டி நிலையங்கள் பொதுப் பாதுகாப்பு இடங்களாகவும் பயன்படும்படி கட்டப்பட்டுள்ளன.

இருபது ஆண்டுகள் போதாதா?

இனி, இந்த விளையாட்டு சறுக்கும் இடத்துக்கு வருவோம். குண்டு விழுந்து இருபது ஆண்டுகள் கழித்தும், மாஸ்கோவின் காற்றைச் சில நிமிடங்கள் சுவாசித்தாலே சாவு என்று காட்டுகிறார்கள்.

பாடநூலில் 'செப்பாரு ஹாயாட்' என்று நீங்கள் படிக்கும் அரைவாழ்வுக் காலத்தை இங்கே பயன்படுத்துவோம். அணுகுண்டுத் தூசிக்கு ஒரு சுலபமான விதி உண்டு. நேரம் ஏழு மடங்கு ஆகும்போது கதிர்வீச்சின் வேகம் சுமார் பத்தில் ஒன்றாகக் குறையும். குண்டு வெடித்து ஒரு மணி நேரத்தில் 1000 அலகு இருந்தால், 7 மணி நேரத்தில் 100. 49 மணி நேரத்தில் 10. 343 மணி நேரத்தில், அதாவது சுமார் இரண்டு வாரத்தில், வெறும் 1. முதல் இரண்டு வாரங்கள் உள்ளேயே இருப்பதுதான் உயிரைக் காக்கும். இருபது ஆண்டு முழுவதும் சுரங்கத்தில் அடைந்து கிடக்க வேண்டிய கட்டாயத்தை இந்தக் கணக்கு தரவில்லை.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. ஆனால், அது வேறு இடத்தில் இருக்கிறது. அயோடின்-131இன் அரைவாழ்வு 8 நாள். 80 நாளில் அது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். சீசியம்-137 அப்படி அல்ல. அதன் அரைவாழ்வு ஏறக்குறைய 30 ஆண்டு. இருபது ஆண்டு கழித்தும் சுமார் 63 விழுக்காடு மீதம் இருக்கும். அது காற்றில் மிதந்துகொண்டிருக்காது. மண்ணில் இறங்கியிருக்கும், மண்ணிலிருந்து செடிக்கும் விலங்குக்கும் போகும். அதாவது, 2033இல் ஆர்த்தியோம் அதிகம் பயப்பட வேண்டியது மூச்சுக்கு அல்ல, சாப்பாட்டுக்கு.

காளான் கணக்கு

சுரங்க மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள்? காளானும் பன்றி இறைச்சியும். வெளிச்சமே இல்லாத இடத்தில் காளான் வளரும் என்பதால் கதை எழுதியவர் அதைத் தேர்ந்திருக்கலாம். ஆனால், காளான் தாவரம் அல்ல. அது ஒளிச்சேர்க்கை செய்யாது. அழுகும் பொருள்களைச் சிதைத்து அதிலிருந்து சத்தை எடுத்துக்கொள்ளும் சிதைப்பி அது.

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். 100 கிராம் பச்சைக் காளானில் சுமார் 25 கிலோகலோரி ஆற்றல் உள்ளது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2000 கிலோகலோரி தேவை என்று வைத்துக்கொண்டால், காளானை மட்டுமே நம்பி வாழ்பவர் தினமும் 8 கிலோகிராம் சாப்பிட வேண்டும்! சரி, காளானைப் பன்றிக்குப் போட்டுப் பன்றியைச் சாப்பிடலாமே என்பீர்கள். உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் அடுத்த படிக்குப் போகும். பன்றியின் சாணத்தில் காளான் வளர்த்து, அந்தக் காளானைப் பன்றிக்கே போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஆற்றல் கரைந்துகொண்டே போகும். சூரியன் இல்லாத சங்கிலி சில சுற்றுகளில் நின்றுவிடும். வெளியிலிருந்து மரமோ மட்கிய இலையோ வந்தே ஆக வேண்டும்.

வெளியிலிருந்து வந்தால் சீசியமும் கூட வரும். இது கற்பனை அல்ல. 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் செர்னோபில் அணுவுலை வெடித்தபோது சிதறிய சீசியம் காற்றில் மேற்கு ஐரோப்பா வரை போனது. பல ஆண்டுகள் கழித்தும் ஜெர்மனியின் பவேரியா காடுகளில் வேட்டையாடப்படும் சில காட்டுப்பன்றிகளின் இறைச்சி, உண்ணத் தகாத அளவு சீசியத்தோடு இருந்தது. காரணம் என்ன தெரியுமா? மண்ணுக்கடியில் வளரும் ஒருவகைக் காளானை அவை தோண்டித் தின்கின்றன. அந்தக் காளான் சீசியத்தைச் சேர்த்து வைக்கிறது. காளானும் பன்றியும்! சுரங்க மக்களின் இரண்டு முக்கிய உணவுகளே சீசியம் சேரும் வழியாகவும் அமைந்திருப்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு நல்ல திகில் கதை இங்கேயே இருக்கிறது. அதற்கு அரக்கன் தேவையே இல்லை.

அரக்கர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

ஆனால், விளையாட்டில் அரக்கர்கள்தாம் நிறைய. கூட்டமாகப் பாயும் நகவிலங்குகள், நூலகத்தில் உலவும் குரங்கு போன்ற பூதங்கள், மனிதனையே தூக்கிச் செல்லும் இறக்கை முளைத்த பிசாசுகள். இருபதே ஆண்டுகளில் இவை எல்லாம் தோன்றிவிட்டன.

கதிர்வீச்சு பட்டால் உயிரினம் என்ன ஆகும் என்று வகுப்பில் கேட்டால், "பெருசாயிடும் சார்", "இன்னொரு தலை முளைக்கும் சார்" என்ற பதில்கள் வராத ஆண்டே இல்லை. ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கதிர்வீச்சு டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் என்பது உண்மை. அதனால் மரபணுவில் மாற்றம் ஏற்படலாம் என்பதும் உண்மை. ஆனால், அந்த மாற்றத்துக்குத் திட்டம் கிடையாது. நன்றாக எழுதப்பட்ட ஒரு பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளை மாற்றினால் என்ன ஆகும்? பல இடங்களில் பெரிய வித்தியாசம் தெரியாது. சில இடங்களில் வாக்கியம் கெடும். கண்ணை மூடி மாற்றியதால் அந்தப் பக்கம் புதிய கவிதையாக மாறிவிடாது. இறக்கை, நகம், வேட்டைக் கூட்டம் போன்றவை எண்ணற்ற தலைமுறைகளில் சிறுகச் சிறுகச் சேர்ந்து, இயற்கைத் தேர்வில் நிலைத்து நிற்பவை. இருபது ஆண்டு அதற்குக் கண் சிமிட்டும் நேரம்.

பறக்கும் பிசாசுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு வௌவாலின் நீளத்தை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்கினால் இறக்கையின் பரப்பு நான்கு மடங்காகும். ஆனால், எடை எட்டு மடங்காகும். பத்து மடங்காக்கினால் பரப்பு நூறு மடங்கு, எடை ஆயிரம் மடங்கு. அப்படியே பெரிதாக்கிய வௌவால் பறக்காது, விழும்.

செர்னோபிலைச் சுற்றி மக்கள் வெளியேற்றப்பட்ட பகுதியில் இன்று ஓநாய், காட்டுப்பன்றி, கடமான், 1998இல் கொண்டுவந்து விடப்பட்ட பிரெவால்ஸ்கி குதிரை ஆகியவை வாழ்கின்றன. அங்குள்ள மரத்தவளைகள், வெளியில் உள்ளவற்றைவிடக் கறுப்பாக இருப்பதை 2022இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கறுப்பு நிறமியான மெலனின் கதிர்வீச்சின் பாதிப்பைக் குறைக்க உதவியிருக்கலாம் என்பது அவர்கள் தரும் விளக்கம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலான கதிர்வீச்சு நமக்குக் காட்டிய மாற்றம் இது: கொஞ்சம் கறுத்த தவளை. உண்மை, அரக்கனைவிடச் சுவையாக இல்லையா?

"விளையாட்டுதானே சார்?"

இந்தக் கேள்வி நியாயமானதுதான். கற்பனைக் கதைக்குள் போய் அறிவியல் ஆசிரியர் ஏன் சிவப்பு மை ஊற்ற வேண்டும்? பறக்கும் பிசாசு மட்டும் என்றால் நானும் விட்டிருப்பேன். ஆனால், 'கதிர்வீச்சு பட்ட உயிர், தொட்டால் ஒட்டும் தீட்டு. அதன் பிள்ளை அரக்கன்' என்ற எண்ணம் மனிதர்கள்மீதும் விழுந்திருக்கிறது.

1945இல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டுக்குத் தப்பியவர்களை ஜப்பானில் 'ஹிபாகுஷா' என்பார்கள். அவர்களில் பலர் தாங்கள் எந்த ஊர் என்பதையே மறைத்து வாழ்ந்தார்கள். வெளியே தெரிந்தால் திருமணம் நடக்காது, வேலை கிடைக்காது. குறையுள்ள பிள்ளைதான் பிறக்கும் என்று ஊர் பேசியது.

அறிவியல் என்ன சொன்னது? 1948 முதல் 1954 வரை அந்த இரு நகரங்களிலும் 76,000க்கும் மேற்பட்ட பிறப்புகள் ஆராயப்பட்டன. பெற்றோர்மீது பட்ட கதிர்வீச்சால் பிள்ளைகளிடம் பிறவிக் குறைகள் கூடின என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. இதைப் படித்துவிட்டுக் கதிர்வீச்சு தீங்கற்றது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்களிடம் இரத்தப் புற்றுநோயும் வேறு புற்றுநோய்களும் கூடின. குண்டு விழுந்தபோது கருவில் இருந்த குழந்தைகள் சிலரின் மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டது. ஆபத்து உண்மையானது, அளந்து சொல்லக்கூடியது. தீட்டுதான் பொய்.

2011இல் புகுஷிமா அணுவுலை விபத்துக்குப் பிறகும் இதே பொய் திரும்பி வந்தது. அங்கிருந்து வேறு ஊர்களுக்கு இடம்பெயர்ந்த பிள்ளைகள் சிலரைப் புதிய பள்ளியில் சக மாணவர்கள் 'கிருமி' என்று அழைத்துத் துன்புறுத்தினார்கள். ஜப்பான் முழுவதும் அது பெரிய செய்தியானது. அந்தப் பிள்ளைகள் உங்கள் வயதுக்காரர்கள், அவர்களைக் கேலி செய்தவர்களும் உங்கள் வயதுக்காரர்கள். கதிர்வீச்சு ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சளிக்காய்ச்சல் போலத் தொற்றாது என்று யாராவது ஒரு மாணவர் எழுந்து சொல்லியிருந்தால் போதுமே என்று அந்தச் செய்தியைப் படித்தபோது தோன்றியது. படிவம் மூன்றில் ஒரு முழு அத்தியாயத்தை இதற்கு ஒதுக்கியிருப்பது தேர்வுக்காக மட்டும் அல்ல.

கதையே சொல்லும் பதில்

இந்த விளையாட்டை நான் முழுவதும் ஒதுக்காததற்குக் காரணம் அதன் முடிவு. முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிச் செல்லலாம்.

ஆர்த்தியோம் கடைசியில் ஓஸ்டாங்கினோ கோபுரத்தின்மேல் ஏறுகிறான். கருப்பர்களின் இருப்பிடத்தை நோக்கி ஏவுகணைகளை வழிநடத்தும் கருவியைப் பொருத்துகிறான். அப்போதுதான் புரிகிறது: அவர்கள் தாக்க வரவில்லை, மனிதர்களோடு பேசத்தான் இத்தனை நாளும் முயன்றார்கள். பெரும்பாலோருக்கு வரும் முடிவில் ஏவுகணைகள் விழுந்துவிடுகின்றன. வழியெல்லாம் சுடுவதோடு நிற்காமல், மற்றவர் பேச்சை நின்று கேட்டவர்களுக்கும் இரங்கியவர்களுக்கும் மட்டும் அந்தக் கருவியை உடைத்துத் தாக்குதலைத் தடுக்கும் வாய்ப்பு கிடைக்கிறது. இப்படி மதிப்பெண் போடுவதை விளையாட்டு எங்கும் வெளிப்படையாகச் சொல்வதில்லை.

புரிந்துகொள்ளாத ஒன்றை அரக்கன் என்று அழைத்தால் அதை அழிப்பது எளிதாகிவிடும். அரக்கர்களைக் காட்டியே காசு பார்க்கும் இந்த விளையாட்டு, தன் கதையில் அதற்கு எதிராகத்தான் பேசுகிறது. 2022இல் ரஷ்யப் படையெடுப்பு தொடங்கியபோது கீவ் மக்கள் உண்மையாகவே மெட்ரோ நிலையங்களில் இரவுகளைக் கழித்தார்கள். போரைக் கண்டித்த குளுகோவ்ஸ்கிக்கு, அவர் நாட்டைவிட்டு வெளியே இருந்த நிலையிலேயே, 2023இல் மாஸ்கோ நீதிமன்றம் எட்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. சுரங்கத்தில் மக்களை அடைத்தது எந்தப் பூதமும் அல்ல, மனிதர்கள் எடுத்த முடிவுகள்.

மாணவர்களே, இனி இதுபோன்ற ஒரு காட்சியைப் பார்க்க நேர்ந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த ஆபத்து தூசியிலிருந்து வருகிறதா, கதிரிலிருந்து வருகிறதா? எந்தத் தனிமம், அதன் அரைவாழ்வு எவ்வளவு? இந்தச் சாப்பாட்டின் ஆற்றல் எங்கிருந்து வந்தது? விடை கிடைக்காவிட்டால் குறித்து வைத்துக்கொண்டு மறுநாள் உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கொண்டுபோங்கள். எட்டாவது அத்தியாயத்தை நடத்த அதைவிட நல்ல தொடக்கம் அவருக்கும் கிடைக்காது.